தனிய அனுப்பலாமோ? பயிற்சிக்கு வாற மிருக வைத்திய மாணவருக்குப் புள்ளி போடுறது பற்றி

ஏ9_மாட்டுடொக்டர் (இழை தொடங்கியவர்)

வணக்கம். வன்னியில ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்தில இருக்கிறன். எந்த அலுவலகம் எண்டு தோண்ட வேண்டாம், இஞ்ச எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பயிற்சிக்கு வந்த இறுதியாண்டுப் பிள்ளையள் ரெண்டு பேர் என்னோட நிக்கினம், ஒரு பெடியனும் ஒரு பெட்டையும். அடுத்த கிழமை திரும்பிப் போகினம். மதிப்பீட்டுத் தாள் மேசையில கிடக்குது. அறிவு, செயன்முறைத் திறன், தொடர்பாடல், நேரந்தவறாமை எண்டு பெட்டி பெட்டியாப் போட்டு ஒவ்வொண்டுக்கும் 1 இலிருந்து 5 வரை புள்ளி கேட்டிருக்கு. பேனையைத் தூக்கினால் கை ஓடுதில்லை.

பெடியனுக்கு நல்ல கைவாக்கு. கழுத்து நாளத்தில ஊசி ஏத்துறதில என்னைவிடக் கெதி. பட்டிக்காரரோட சிரிச்சுக் கதைப்பான், போன கிழமை பாத்த மாட்டைப் பற்றித் தானே விசாரிப்பான். ஆனா ஒரு நாள் சினை பாக்க விட்டனான். கையை விட்டிட்டு "மூண்டு மாசம் சேர்" எண்டான். நான் பாத்தால் வெறுங் கருப்பை. பிழை விடட்டும், அதுக்குத்தானே பயிற்சி. "எதைப் பிடிச்சுப் பாத்து மூண்டு மாசம் எண்டனி?" எண்டு கேட்டன். முகம் ஒரு சொட்டும் மாறாமல், கருப்பைக் கொம்பு ஒண்டு பெருத்திருந்தது, சவ்வு விரலுக்குள்ள வழுக்கினது எண்டு புத்தகத்தில கிடக்கிறதை அப்பிடியே ஒப்புவிச்சான். இல்லாத கன்றுக்கு.

பெட்டைக்குக் கை மெல்லத்தான் போகும். சினை பாக்க விட்டால் பாதி நேரம் "சூலகம் பிடிபட்டது சேர், மிச்சம் சொல்லத் தெரியேல்லை" எண்டுவாள். ஆனா அக்கராயன் பக்கம் ஒரு பிறீசியன் கலப்புப் பசு மூண்டாம் கன்று போட்டு அடுத்த நாள் படுத்திட்டுது. கழுத்தை விலாப்பக்கம் மடிச்சு வைச்சுக்கொண்டு கிடந்தது, காது ரெண்டும் சில்லிட்டுப் போச்சு. பால் காய்ச்சல்தான். நாளம் பிடிக்க அவளுக்குப் பல குத்துத் தேவைப்பட்டுது, பட்டிக்காரர் என்னைப் பாக்கத் தொடங்கீட்டார். ஆனா பிடிச்ச பிறகு, கல்சியம் கெதியா ஏறினால் இதயம் நிண்டிடும் எண்டபடியால், போத்தலை உயர்த்தாமல் பதிச்சுப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில வைச்சபடி குந்தியிருந்தாள். பாதிப் போத்தலில "சேர், துடிப்புத் தவறுது" எண்டு தானே நிப்பாட்டினாள். நான் வைச்சுக் கேட்டன், சரிதான். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப விட்டம், மாடு எழும்பீட்டுது. பெடியன் எண்டால் ஒரே குத்தில நாளத்தைப் பிடிச்சு, போத்தலையும் உயரத் தூக்கிப் பிடிச்சிருப்பான்.

பெட்டியளுக்கு உள்ளபடி புள்ளி போட்டால் பெடியனுக்குத்தான் கூட வருது. ஆனா நாளைக்கு நான் இல்லாத நேரம் முத்தையன்கட்டுப் பக்கத்தில கன்று வராமல் நிக்குது எண்டு போன் வந்தால், நான் பெட்டையைத்தான் அனுப்புவன். இதை எந்தப் பெட்டிக்குள்ள எழுதுறது? நீங்கள் எதைப் பாத்துப் புள்ளி போடுறியள்?

முறா_எருமை

நான் எல்.டி.ஐ. யா (கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்) இருந்து ஓய்வெடுத்தவன். டொக்டர்மார் மாறி மாறி வந்தவை, நான் அதே மோட்டச்சைக்கிளில இருந்தனான்.

மூண்டு மாசம் எண்ட பெடியனுக்குச் செயன்முறையில 1 போடுங்கோ. மாடு 21 நாளுக்கு ஒருக்காப் பருவத்துக்கு வரும். சினை எண்டு டொக்டர் சொன்னால் பட்டிக்காரன் அதுக்குப் பிறகு பருவத்தைப் பாக்கவும் மாட்டான், சினை ஊசி போடக் கூப்பிடவும் மாட்டான். வயிறு பெருக்கேல்லை எண்டு அவனுக்கு விளங்கிற நேரம் அரை வருசப் பால் போயிடும். அந்த நட்டத்தை ஆர் கட்டுறது?

வெள்ளாட்டுக்குட்டி

ஏ9 சேர், குறை நினையாதேங்கோ, ரெண்டு இடத்தில உறுத்துது.

"பெடியன் எண்டால் போத்தலை உயரத் தூக்கிப் பிடிச்சிருப்பான்" எண்டு எழுதியிருக்கிறியள். அண்டைக்கு அவன் போத்தலைத் தொடவே இல்லை. நடக்காத ஒரு விசயத்துக்குப் புள்ளி வெட்டுறியள். சினை பாத்த அண்டைக்கு அவன் உங்களுக்கு ஒரு மாதிரியாப் போனான், அதுக்குப் பிறகு அவன் செய்யாததையும் அந்தக் கண்ணாலதான் பாக்கிறியள்.

மற்றது அந்தக் "கை மெல்ல". நான் சின்ன உருவம். பயிற்சிக்குப் போன இடத்தில ஒரு மேற்பார்வையாளர் (மாவட்டம் வேண்டாம்) முதல் நாளே "தங்கச்சி, நீங்கள் நாய் பூனை பாக்கிறதுதான் நல்லம்" எண்டார். அதோட என்னைப் பெரிய மாட்டுக்குக் கிட்ட விடேல்லை, கொப்பியும் பேனையும்தான் என்ர கையில. கடைசியில தாளில "பெரிய விலங்குகளைக் கையாளும் அனுபவம் போதாது" எண்டு எழுதினார். போதாதுதான், தரவேயில்லையே. இப்ப மன்னார்ப் பக்கம் எருமைப் பட்டியளுக்குள்ளதான் என்ர வேலை. கயிறை எங்க போடுறது, எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு தெரிஞ்சால் பலம் பிறகுதான். கன்று இழுக்கிறதிலயும் அப்பிடித்தான். தலை திரும்பிக் கிடக்க நாலு ஆம்பிளையள் சேந்து இழுத்தால் தாயையும் சேத்துத்தான் கொல்லுவினம்.

இதைச் சொல்லுறதாலை அந்தப் பிள்ளைக்கு வக்காலத்து வாங்கிறன் எண்டு நினைக்க வேண்டாம். "தெரியேல்லை" எண்டுறது நல்ல குணம், ஆனா அதையே வேலியாக் கட்டிக்கொண்டு அதுக்குள்ள இருக்கவும் ஏலும். பாதி நேரம் தெரியேல்லை எண்டால், தெரியேல்லை எண்ட பிறகு அவள் என்ன செய்யிறாள்? திரும்பக் கைவிட்டுப் பாத்தவளோ? அடுத்த மாட்டில கூட ரெண்டு விசயம் சொன்னவளோ? அதை நீங்கள் எழுதேல்லை.

ஏ9_மாட்டுடொக்டர்

போத்தல் விசயம் சரி, அந்த வசனத்தை விடுங்கோ. கைப்பலத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, நாளம் பிடிக்கிற கெதியைத்தான் சொன்னன். மற்றக் கேள்விக்குப் பதில்: திரும்பக் கைவிடக் கேப்பாள். நான்தான் பல தரம் விடுறேல்லை. ஒரே மாட்டுக்குள்ள ஆள் மாறி ஆள் கைவிட்டால் பட்டிக்காரரும் விடாயினம், மாடும் பாவம்.

மலைநாட்டு_வாத்தி

பேராதனையில படிப்பிக்கிற ஆக்களில ஒருத்தன் நான். இலங்கையில மிருக வைத்தியத்துக்கு இருக்கிறது ஒரே பீடம் எண்டபடியால் இதுக்கு மேல சொன்னால் ஆளைப் பிடிச்சிடுவியள்.

1990 இல ஜோர்ஜ் மில்லர் எண்ட அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கூம்பகம் கீறினவர். அடியில விசயம் தெரியும், அதுக்கு மேல எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியும், அதுக்கு மேல செய்து காட்டுவான், உச்சியில உண்மையான வேலைக்குள்ள செய்வான். எழுத்துப் பரீட்சை கீழ் ரெண்டையும் பாக்கும். 1975 இல ஸ்கொட்லாந்தில ஹார்டன் கொண்டுவந்த ஓஸ்கி மூண்டாவதைப் பாக்கும்: மேசை மேசையாப் போய் ஒவ்வொண்டிலயும் சில நிமிசத்துக்கு ஒரு வேலையைச் செய்து காட்டவேணும். உச்சியைப் பாக்கிறதுக்கு, ஏ9 மாதிரிப் பக்கத்தில நிக்கிற ஆளின்ர கண்ணை விட்டால் எங்களிட்டப் பெரிசா ஒண்டும் இல்லை.

அந்தக் கண்ணிலயும் கோளாறு இருக்கு, வெள்ளாட்டுக்குட்டி தொட்டது அதைத்தான். 1920 இல தோர்ண்டைக் எண்ட உளவியலாளர், அமெரிக்கப் படை அதிகாரிகள் தங்களுக்குக் கீழ இருந்தவைக்குப் போட்ட புள்ளியளை எடுத்துப் பாத்தார். உடற்கட்டு, புத்தி, தலைமை, குணம் எண்டு தனித்தனியாத்தான் கேட்டது. ஆனா ஒண்டில கூடப் போட்டவைக்கு மற்றதிலயும் கூடவே போட்டுக் கிடந்தது. ஆளைப் பிடிச்சால் எல்லாப் பெட்டியும் நிரம்பும். 2012 இல இங்கிலாந்தில இன்னொண்டைக் காட்டிச்சினம்: கெட்டிக்காரரை முதல் பாத்த வைத்தியர்கள், அதுக்குப் பிறகு பாத்த நடுத்தர ஆளுக்குக் குறைச்சுப் போட்டிச்சினம். மோசமானவரை முதல் பாத்தவை அதே ஆளுக்குக் கூட்டிப் போட்டிச்சினம். ஏ9 இட்ட ரெண்டே ரெண்டு பேர் நிக்கினம். ஒருத்தரை மற்றவரோட ஒப்பிடாமல் அவரால புள்ளி போட ஏலுமோ?

ஆனா ஏ9 இன்ர மனசுக்குள்ள ஓடுற கணக்கு மோசமான கணக்கு இல்லை. 2008 இல கனடாவில ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர்கள் பயிற்சி வைத்தியரை எப்ப நம்பித் தனிய விடுகினம் எண்டு பாத்தவை. நாலு விசயம் வந்தது. அறிவும் கையும் ஒண்டு. தன்ர எல்லை தனக்குத் தெரியிறது ரெண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லுறது மூண்டு. ஏத்துக்கொண்ட வேலையைக் கடைசிவரை பாக்கிறது நாலு. அந்தப் பெடியன் சறுக்கினது மூண்டாவதில. அதுக்குத் தாளில பெட்டி இல்லாட்டிப் பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு, எழுதுங்கோ. வாசிக்கிற ஆக்கள் இருக்கினம்.

இன்னொண்டு. சினை பாக்கிறதிலயும் கன்று எடுக்கிறதிலயும் மாணவரின்ர கை என்ன செய்யுது எண்டு உங்களுக்குத் தெரியாது. சத்திரசிகிச்சையில பக்கத்தில நிண்டு பாக்கலாம், இதில தோள்மட்டும்தான் தெரியும். ஆனபடியால் கை உள்ளுக்க இருக்கேக்கையே வாயால சொல்ல விடுங்கோ. வெளியில எடுத்த பிறகு கேட்டால் புத்தகம்தான் வரும்.

பட்டிக்காரன்_துணுக்காய்

நான் படிக்காதவன். மாடு வைச்சிருக்கிறன், அந்தளவுதான்.

மாணவ டொக்டர்மார் வந்தால் நாங்களும் பாப்பம். டொக்டர் ஐயா புள்ளி போடுறதுக்கு முதலே பட்டியில நாங்கள் போட்டிடுவம். உள்ளுக்க வரேக்க வருத்தக்கார மாட்டை மட்டும் பாக்கிறானோ, மற்ற மாடுகளையும் ஒரு கண் பாக்கிறானோ எண்டு பாப்பம். 2020 கடைசியில அந்தத் தோல் கழலை நோய் வடக்கில பரவின நேரம் ஒரு பிள்ளை வந்தது. என்ர காலைக்குள்ள வரமுதல் வெளியில நிண்டு சப்பாத்தைக் கழுவிச்சுது. ஆரும் சொல்லேல்லை. அதுக்கு முதல் பக்கத்துப் பட்டியில நிண்டிட்டு வந்ததாம். அண்டைக்கே அந்தப் பிள்ளையை நான் டொக்டர் எண்டு கூப்பிட்டிட்டன்.

மடி வீங்கின மாட்டுக்கு ஊசி போட்டிட்டுப் பேசாமல் போறவையும் இருக்கினம். மருந்து பாலில வரும், எத்தனை நாளைக்குப் பாலை விக்கக் குடுக்கக்கூடாது எண்டு சொல்லவேணும். சொன்னால் நாங்கள் சண்டைக்கு வருவம், அது வேற கதை. பால் காசிலதான் பிள்ளையளின்ர ரியூசன், மோட்டச்சைக்கிள் லீசிங் எல்லாம் ஓடுது. சண்டைக்கு வருவம் எண்டு தெரிஞ்சும் நிண்டு சொல்லுறவன் டொக்டர். எங்களோட நல்லாச் சிரிச்சுக் கதைக்கிற பெடியள் கனபேர் அந்த இடத்திலதான் வாயை மூடுவினம்.

என்னட்ட ஒருத்தரும் தாள் தாறேல்லை.

பெரியாஸ்பத்திரி

மனுச டொக்டர் ஒருத்தன் உள்ளிட்டால் கோபிக்க மாட்டியள் எண்டு நம்புறன்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டு சொல்லுவம். பயிற்சிக்கு வாற ஆளுக்கு அது சரிவராது. நெஞ்சு நோவை வடிவாப் பாக்கிறவன் வயித்து நோவில முழிப்பான். ஒரு நோயாளியில நல்லாச் செய்தவன் அடுத்ததிலயும் செய்வான் எண்டு சொல்ல ஏலாது எண்டுறது மருத்துவக் கல்வியில திரும்பத் திரும்ப வந்த முடிவு. அதாலதான் 1995 இல அமெரிக்காவில நோர்சினியும் ஆக்களும் மினி சி.ஈ.எக்ஸ். எண்டு ஒண்டைக் கொண்டுவந்தவை. ஒரு நீண்ட பரீட்சை வைக்காமல், நாளாந்த வேலைக்குள்ள ஒரு நோயாளியோட கொஞ்ச நேரம் நிண்டு பாத்து, அந்த இடத்திலயே கதைச்சு முடிக்கிறது. வேற வேற நோயாளி, வேற வேற ஆக்கள் பாக்கவேணும், அதுதான் அதின்ர உயிர்.

ஏ9, நீங்கள் அவனில ஒரு மாட்டையும் அவளில ஒரு மாட்டையும் வைச்சுக்கொண்டு தீர்ப்பு எழுதுறியள்.

முறா_எருமை

பெரியாஸ்பத்திரி டொக்டர், உங்களிட்ட நோயாளி வரிசையா வந்து நிக்கும். எங்களுக்குக் காலபோகம் தொடங்கினால் பட்டியள் வயலை விட்டுக் காட்டோரம் போயிடும், பள்ளம் திட்டியெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் மாடு ஏற்கெனவே செத்துக் கிடக்கும். வேற வேற மாடு, வேற வேற ஆள் எண்டால் எங்க போறது? அலுவலகத்தில டொக்டர் ஒருத்தர்தான்.

இறுதியாண்டு

நான் ஏ9 சேரிட்ட நிக்கிற ஆள் இல்லை, வேற இடத்தில நிக்கிறன். எங்கட பக்கத்தையும் சொல்லுறன்.

சேர்மார் "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு" எண்டுவினம். சொல்லிப் பாருங்கோ. ஒரு சேர் சிரிப்பார், இன்னொரு சேர் பட்டிக்காரருக்கு முன்னால "இவ்வளவு வருசம் என்னத்தைப் படிச்சனி" எண்டு கேப்பார். நாங்கள் இடத்துக்கு இடம் மாறுற ஆக்கள், ஒவ்வொரு இடத்திலயும் முதல் ரெண்டு நாள் இவர் எந்த ரகம் எண்டு பாக்கிறதிலதான் போகும். அந்தப் பெடியன் மூண்டு மாசம் எண்டது பொய்யாவும் இருக்கலாம், போன இடத்தில வாங்கின பேச்சாவும் இருக்கலாம்.

மற்றது மொழி. என்னோட ஒரு சிங்களப் பெடியன் நிக்கிறான். படிப்பில எங்கட வகுப்பிலயே மேல. இஞ்ச பட்டிக்காரரிட்ட ஒரு கேள்வி கேக்கிறதெண்டாலும் என்னைத்தான் பாக்கவேணும். மாடு எப்ப கன்று போட்டது, இளங்கொடி விழுந்ததோ, எண்டு நான் கேட்டுச் சொல்லுறன், அவன் அதை வைச்சு யோசிக்கிறான். தாளில தொடர்பாடலுக்கு எனக்கு 5, அவனுக்கு 2 வரும். நான் உடையார்கட்டில பிறந்தது என்ர திறமை இல்லையே. போன மாசம் நாங்கள் தெற்கில நிக்கேக்க இது அப்பிடியே மறுபக்கம் இருந்தது.

ஆனா ஒண்டு சொல்லவேணும். அவன் வந்த கிழமையே கொப்பியில தமிழ்ச் சொல் எழுதத் தொடங்கீட்டான். சினை, கன்றுத்தாச்சி, கடும்பு, கழிச்சல், உண்ணி. பிழையாச் சொன்னால் அம்மாமார் சிரிப்பினம், அவனும் சிரிப்பான். அதுக்கும் பெட்டி இல்லை.

லண்டன்_மழை

ஊர் கிளிநொச்சி, இப்ப இங்கிலாந்தில மாட்டுப் பண்ணையளுக்குத்தான் வேலை. இஞ்ச வெளிக்கிட்ட முதல் நாளே என்னென்ன தெரிஞ்சிருக்கவேணும் எண்டு ஆர்.சி.வி.எஸ். எண்ட அரச மிருக வைத்தியர் கல்லூரி (தொழிலைக் கட்டுப்படுத்திற அமைப்பு) ஒரு பட்டியல் வைச்சிருக்கு. அதை வாசிச்சால் ஆருக்கும் தலை சுத்தும், ஏனெண்டால் மேசையில எழுதின பட்டியல் மாட்டுக்கொட்டிலுக்குள்ள வராது.

ஏ9 கேட்டதுக்குக் கிட்ட வாறது வேற ஒண்டு. 2005 இல நெதர்லாந்தில ஒல்லே டென் காட்டே எண்ட மருத்துவக் கல்வியாளர் கேள்வியையே மாத்தினவர். மாணவன் எவ்வளவு நல்லவன் எண்டு கேக்காதை, இந்த வேலையை இவனிட்ட எவ்வளவு தூரம் ஒப்படைப்பாய் எண்டு கேள். அஞ்சு படி. பாத்துக்கொண்டு நிக்கட்டும். நான் பக்கத்தில நிண்டால் செய்யலாம். நான் கூப்பிடு தூரத்தில இருந்தால் செய்யலாம். தனியச் செய்யலாம். மற்றவைக்குக் காட்டிக் குடுக்கலாம். 2018 இல அமெரிக்க மிருக வைத்தியக் கல்லூரிகளின்ர சங்கம் இதை எங்கட தொழிலுக்குக் கொண்டுவந்து, இப்பிடி ஒப்படைக்கிற வேலை எட்டு எண்டு எழுதினது.

இதில எனக்குப் பிடிச்ச விசயம், ஆளுக்குப் புள்ளி இல்லை, வேலைக்குத்தான். ஒரே பிள்ளை கல்சியம் ஏத்துறதில தனிய, சினை பாக்கிறதில பக்கத்தில ஆள் எண்டு இருக்கலாம். நேர்மை, எல்லை தெரியிறது எல்லாம் தனிப் பெட்டியாத் தேவையில்லை. பொய் சொல்லுறவனை ஒருத்தனும் மூண்டாம் படிக்கு மேல ஏத்த மாட்டான், அது தானா உள்ளுக்க வந்திடும்.

வெள்ளாட்டுக்குட்டி

கூப்பிடு தூரம் எண்டால் வன்னியில எவ்வளவு? சில இடத்தில சிக்னல் வாறதுக்கு மரத்தில ஏறவேணும்.

லண்டன்_மழை

அதுவும் கணக்கில வரும். இடம் தூரம் எண்டால் ஒரு படி குறை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தனிய விடுற பிள்ளையை, மாலைக்கருக்கலில நெடுங்கேணிக்கு அங்கால தனிய விடுவியளோ?

முறா_எருமை

எல்லாம் சரி, ஆனா படி கிடி எண்டு பாக்காமல் ஒரேயடியாத் தாளை மடக்கிற சில இடம் இருக்கு.

பட்டிக்காரர் வந்து "மாட்டுக்குத் தொண்டையில ஏதோ சிக்கிட்டுது, தண்ணி குடிக்குதில்லை, வீணி வடியுது" எண்டு சொல்லுவார். புதுப் பிள்ளையள் உடன சட்டைக்கையை மடிப்பினம், வாய்க்குள்ள கைவிட. நான் ஒண்டும் சொல்லாமல் நிப்பன், கை வாயடிக்குப் போறதுக்கு முதல் பிடிச்சிடுவன். முதல் கேள்வி "நாய் கடிச்சதோ, நரி வந்ததோ, கத்துற சத்தம் மாறியிருக்கோ" எண்டு வரவேணும். விசர்நோய் இன்னும் இந்த நாட்டை விட்டுப் போகேல்லை. அதைக் கேட்டிட்டுக் கையுறையைத் தேடுற பிள்ளையை நான் டொக்டரிட்டச் சொல்லுவன், இது தேறும் எண்டு. கன்று வீசின மாட்டின்ர இளங்கொடியை வெறுங்கையால தூக்கிறதும் அதே ரகம்.

எல்.டி.ஐ. மாரிட்டக் கேளுங்கோ டொக்டர். நீங்கள் இல்லாத நேரம் அந்தப் பிள்ளையள் எப்பிடி எண்டு எங்களுக்குத்தான் தெரியும். 2022 டிசம்பரில மாண்டஸ் புயலோட வந்த குளிரில பட்டி பட்டியா மாடு செத்துக் கிடக்கேக்க, நோய் பரவீட்டுது எண்டு சனம் கத்திச்சுது. அண்டைக்கு மழைக்குள்ள நிண்ட ஒரு மாணவி, ஒரு மாட்டை வெட்டிப் பாத்ததும் இதுதான் எண்டு சொல்லேல்லை. கண்டதை ஒவ்வொண்டா எழுதி, மாதிரியும் எடுத்து, "முடிவு வரட்டும் ஐயா" எண்டு பட்டிக்காரரிட்டச் சொன்னாள். பேச்சு வாங்கினாள். பிறகு குளிர்தான் எண்டு வந்தது. அவளுக்கு என்ன புள்ளி போட்டினம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, என்னைக் கேக்கவும் இல்லை.

ஏ9_மாட்டுடொக்டர்

மூண்டு நாளா எல்லாத்தையும் வாசிச்சன். முந்தநாள் ஒண்டு நடந்தது, அதையும் போடுறன்.

ஒட்டுசுட்டான் பக்கம் முதல் ஈத்து நாகு, விடியப்புறத்திலயிருந்து முக்குது, கன்று வரேல்லை. ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனன். வேணுமெண்டுதான் பெடியனை முதல் விட்டன், வாத்தி சொன்ன மாதிரி, கை உள்ளுக்க இருக்கேக்க வாயால சொல்லு எண்டு. "கால் ரெண்டு இருக்கு சேர்." முன்னங்காலோ பின்னங்காலோ? கொஞ்சம் பொறுத்தான். "குளம்புக்கு மேல முதல் மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கமா மடங்குது. முன்னங்கால்." நல்லம். ஒரே கன்றின்ர காலோ? கையை நெஞ்சு மட்டும் கொண்டுபோய்த் தடவிப் பாத்து, ஓம் எண்டான். தலை எங்க? பேச்சில்லை. நெத்தி வேர்த்திட்டுது. நாகு முக்கிற நேரம் கை நசிபடும், தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். நான் ஒண்டும் கேக்காமல் நிண்டன். கடைசியில "தலை பிடிபடேல்லை சேர். பின்னுக்குத் திரும்பிக் கிடக்கு போல, ஆனா நான் தொடேல்லை. நீங்கள் பாருங்கோ" எண்டான்.

திரும்பித்தான் கிடந்தது. கன்றைத் தள்ளி, தலையைச் சுத்தி எடுத்து, உயிரோட வந்தது.

இப்ப என்ர பிரச்சினை கூடீட்டுது. அண்டைக்கு மூண்டு மாசம் எண்டவன் இண்டைக்குத் "தொடேல்லை" எண்டு சொல்லுறான். திருந்தீட்டானோ? அல்லது நான் எதைக் கேட்டால் சந்தோசப்படுவன் எண்டு படிச்சிட்டானோ?

இறுதியாண்டு

ரெண்டும் ஒண்டுதானே சேர் முதலில. நாங்கள் உங்களைப் பாத்துத்தான் பழகிறம்.

மலைநாட்டு_வாத்தி

அதை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை, ஏ9. உங்கட தாள் கடைசித் தாள் இல்லை. நெதர்லாந்தில உட்ரெக்ட் மிருக வைத்திய பீடம் 2010 இலிருந்து செய்யிறது இதைத்தான்: வேலைக்குள்ள பாத்த சின்னச் சின்ன அவதானிப்புகளை ஒவ்வொருத்தரிட்ட இருந்தும் சேத்து, பாஸ் பெயிலை ஒரு குழு மொத்தமா இருந்து முடிவெடுக்கும். தனி ஒருத்தர் தீர்ப்புச் சொல்லுறேல்லை. முறா அண்ணை கேட்டது நியாயம், ஒரு அலுவலகத்தில டொக்டர் ஒருத்தர்தான். ஆனா எல்.டி.ஐ. இருக்கிறார், பட்டிக்காரர் இருக்கிறார், அடுத்த பயிற்சி இடத்தில இன்னொரு டொக்டர் இருக்கிறார்.

புள்ளியைவிட எனக்குத் தேவை நீங்கள் இஞ்ச எழுதின மாதிரி எழுதினது. "செயன்முறைத் திறன் 4" எண்டு வந்தால் நான் அதை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது. "சினை இல்லாத மாட்டில மூண்டு மாசம் எண்டான், கேட்டபோது அடையாளம் சொன்னான், பிறகு ஒரு நாள் தலை தொடுபடேல்லை எண்டு ஒத்துக்கொண்டான்" எண்டு வந்தால், அடுத்த இடத்தில என்னத்தைப் பாக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும்.

ஏ9_மாட்டுடொக்டர்

சரி. பெட்டியளுக்குப் புள்ளி போட்டிட்டன், ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்பக்கத்தில வேலை வேலையா எழுதியிருக்கிறன். பெடியன்: நாளத்தில ஊசி தனிய, கன்று எடுக்க நான் பக்கத்தில, சினை பாத்தால் வேற ஆள் திரும்பப் பாக்கவேணும். பெட்டை: கல்சியம் தனிய, கன்று எடுக்க நான் கூப்பிடு தூரத்தில, சினை பாக்கிறதில நான் பக்கத்தில, கூட மாடு பாக்க விடவேணும். ஒவ்வொண்டுக்கும் கீழ எந்த இடத்தில என்னத்தைக் கண்டனான் எண்டு ரெண்டு வரி. எங்கட எல்.டி.ஐ. யையும் கேட்டன். பெட்டை மாட்டுக்குப் பின்பக்கமாப் போய் நிக்கிறாள், ஒரு நாள் உதை வாங்குவாள் எண்டார். எனக்குத் தெரியாத விசயம். அதையும் எழுதினன்.

இறுதியாண்டு

சேர், அந்தப் பின்பக்கத்தை அவைக்குக் காட்டுவியளோ?

முறா_எருமை

காட்டினால் அடுத்த முறை டொக்டர் உண்மை எழுத மாட்டார். மனுசன்தானே, முகத்துக்கு நேர எழுத ஆருக்கு மனம் வரும்.

வெள்ளாட்டுக்குட்டி

காட்டாட்டி, என்ர தாளில இருந்த மாதிரித்தான் இருக்கும். எனக்கு அது தெரிய வந்தது வேலைக்கு வந்த பிறகு.

ஏ9_மாட்டுடொக்டர்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெண்டு பேரையும் தனித்தனியா இருத்தி வாசிச்சுக் காட்டப் போறன். இதில எது பிழை எண்டு சொன்னால் அதையும் கீழ எழுதி, அவையின்ர கையெழுத்தையும் வாங்கித்தான் அனுப்புறது. முறா அண்ணை, அடுத்த முறை நான் உண்மை எழுதுறனோ இல்லையோ எண்டு அடுத்த முறை கேளுங்கோ.

பட்டிக்காரன்_துணுக்காய்

டொக்டர், போறதுக்கு முதல் அந்தப் பிள்ளைக்கு மாட்டுக்குப் பக்கத்தில எங்க நிக்கிறது எண்டு ஆரும் காட்டி விடுங்கோ. எங்கட பக்கம் வந்தால் நான் காட்டுறன்.